கைமாறும் வளையம்

நெல்லிக்குப்பம் ரயில் நிலையத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் அல்ல, ஒரு வளையம். விழுப்புரத்திலிருந்து பண்ணுருட்டி, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்குப் போகும் பாதை அந்த நாளில் மீட்டர்கேஜ். போவதற்கும் வருவதற்கும் ஒரே தண்டவாளம். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது எஞ்சின் டிரைவர் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு பெரிய வளையத்தைக் கீழே போடுவார். பிளாட்பாரத்தில் நிற்பவர் வேறொரு வளையத்தை உயர்த்திப் பிடித்திருப்பார். டிரைவர் அதைக் கையில் கோத்து எடுத்துக்கொள்வார். அது ரயில்வேக்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் விளையாட்டு என்றுதான் சிறு வயதில் நெடுநாள் எண்ணியிருந்தேன். பாரி கம்பெனி சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பாகு வாசனையும் அந்த வளையமும் சேர்ந்ததுதான் எனக்கு நெல்லிக்குப்பம்.

விளையாட்டு அல்ல என்பது பிறகு தெரிந்தது. வளையத்தோடு தைத்த தோல் பைக்குள் ஓர் உலோகக் குண்டு இருக்கும். டோக்கன் என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களின் பெயர் அதில் பொறித்திருக்கும். அந்தக் குண்டு கையில் இருந்தால்தான் அவ்விரண்டு நிலையங்களுக்கும் இடையே வண்டியை ஓட்டலாம். இரண்டு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை மற்றொரு குண்டு எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணியடித்துப் பேசி ஒத்துக்கொண்டால்தான் பெட்டி திறக்கும். அடுத்த நிலையம் வந்துவிட்டால் அந்தக் குண்டு செல்லாக் காசு. அதைக் கொடுத்துவிட்டு, அதற்கப்பால் உள்ள துண்டுப் பாதைக்கான குண்டை வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை போகும் வண்டியானாலும், ஒற்றைப் பாதையில் அது நிலையத்துக்கு நிலையம் கடன் வாங்கித்தான் போயாக வேண்டும்.

இந்தப் பழங்கதையை நான் மறந்தே போயிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாத இரவு அதை ஞாபகப்படுத்தியது.

என் தங்கையின் வீடு நெல்லிக்குப்பத்தில் இருக்கிறது. அவள் கணவர் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர்கள் மகன், ஊர்களையெல்லாம் கணிப்பொறிக் கம்பியால் இணைக்கும் ஒரு ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு நாள் லீவில் அவன் வந்திருந்த சமயத்தில்தான் நானும் போயிருந்தேன். கரும்பு ஆட்டும் காலம். ஆலையை நோக்கிச் செல்லும் கரும்பு வண்டிகளின் ஓசை இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மருமகனின் கைபேசி மணி அடித்தது. அவன் எழுந்து திண்ணைக்குப் போனான். தூக்கம் கலைந்த நானும் பின்னால் போனேன்.

"என்னடா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒன்றும் இல்லை, மாமா. ஒரு ரூட்டரை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். புது மென்பொருள் ஏற்றுவதற்காக. அது எழுந்துவிட்டது. ஆனால் பக்கத்து ரூட்டர்களோடு சேரவில்லை."

"எழுந்துவிட்டது என்கிறாய், பிறகு என்ன?"

"எழுந்தது வாஸ்தவம். விளக்கெல்லாம் எரிகிறது. பக்கத்தில் இருப்பவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று லேபிள் கொடுக்கவில்லை. விடிந்தால் ஒன்றாந் தேதி. அந்த வழியில் சில ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் இருக்கின்றன."

ஒன்றாந் தேதி என்ற சொல் உள்ளே படுத்திருந்த என் தங்கை கணவரின் காதில் விழுந்துவிட்டது போலும். பென்ஷன்காரர் அல்லவா? அவரும் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். தூரத்தில் யந்திரத்தின் அருகே நின்ற ராத்திரி டியூட்டிப் பையனோடு பேசத் தொடங்கினான். பேச்சின் இடைவெளிகளில் எனக்கும் விஷயத்தைச் சொன்னான்.

ரூட்டர் என்பது ஒரு நாற்சந்தி. வந்த செய்தியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது அதன் தொழில். ஒவ்வொரு நாற்சந்தியும் தன் அண்டை வீட்டார் யார் யார் என்று கடிதம் எழுதி ஊரெல்லாம் அனுப்பும். எல்லோருடைய கடிதமும் எல்லோரிடமும் சேர்ந்தால், ஒவ்வொருவரும் தாமே தேசப்படம் வரைந்துகொள்ளலாம். அண்டை வீட்டார் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அடையாளம் வணக்கம். வழக்கமாக 10 விநாடிக்கு ஒரு முறை வணக்கம் சொல்ல வேண்டும். 40 விநாடி வணக்கம் வராவிட்டால் போய்விட்டார் என்று முடிவு. இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. வணக்கம் சொல்லும்போது, 'நான் இன்னின்னாருடைய வணக்கத்தைக் கேட்டேன்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் தன் பெயரைக் கண்டால்தான், நாம் பேசியது எதிராளிக்குக் கேட்டது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது உறவாகாது.

சாலை தெரிந்த பிறகு லேபிள். செய்தியின் நெற்றியில் ஒட்டும் ஒரு சிறிய எண் அது. 20 இரும இலக்கங்கள் கொண்டது. 0 முதல் 10,48,575 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். அந்த எண்ணுக்கு ஊருக்கெல்லாம் பொதுவான பொருள் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட அடையாளம் அது. அடுத்த ரூட்டரை அடைந்ததும் அந்த எண்ணைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதற்கப்பால் செல்லுபடியாகும் வேறோர் எண்ணை ஒட்டி அனுப்ப வேண்டும்.

"அடே, இது நம்மூர் ரயிலின் வளையம்!" என்றேன்.

மருமகன் சிரித்தான். "அதேதான், மாமா. இப்போது சிக்கல் என்னவென்றால், தண்டவாளம் இருக்கிறது. குண்டு மட்டும் பெட்டியிலிருந்து வரவில்லை."

ஒரு யந்திரம் விழுவதைவிட அது எழுவதுதான் அண்டை வீட்டாருக்கு ஆபத்து. இந்தப் பாடத்தை உலகம் சுலபமாகக் கற்கவில்லை. இரண்டு பெரிய சம்பவங்கள் அதைக் கற்பித்தன. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

முதலாவது 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அன்று பல மணி நேரம் உபயோகமற்றுப் போயிற்று. யாரும் கம்பியை அறுக்கவில்லை. ரூட்டர்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்கு வரிசை எண் உண்டு என்று சொல்ல மறந்துவிட்டேன். பெரிய எண் இருந்தால் புதிய கடிதம். அந்த நாளில் எண்கள் 0 முதல் 63 வரை ஓடி, மறுபடி 0-க்கு வரும். கடிகார முகத்தைப் போல. நினைவகக் கோளாறினால் ஒரு கடிதத்தின் எண்ணில் சில இலக்கங்கள் உதிர்ந்தன. ஒரே ரூட்டரின் கடிதம் 8, 40, 44 என்ற மூன்று எண்களோடு உலவத் தொடங்கியது. 40-ஐக் காட்டிலும் 44 புதியது. 8-ஐக் காட்டிலும் 40 புதியது. வட்டமாக எண்ணுவதால், 44-ஐக் காட்டிலும் 8 புதியது! ஆகவே எது வந்தாலும் ஒவ்வொரு ரூட்டரும், 'ஆகா, இது புதுச் செய்தி' என்று ஏற்று, அண்டை வீட்டாருக்கெல்லாம் அனுப்பியது. மூன்று கடிதங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முடிவில்லாமல் சுற்றின. வேறு வேலைக்கு நேரமே இல்லை.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடாதா? அங்கேதான் சங்கடம். ஒன்றை அணைத்து எழுப்பினால், அண்டை வீட்டார் அதே மூன்று கடிதங்களை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குளித்துவிட்டு வந்தவனை மறுபடியும் சேற்றுக்குள் கைபிடித்து இழுப்பது போல. கடைசியில், அந்த ஒரு ரூட்டரின் பெயரில் வரும் கடிதங்களைப் புறக்கணிக்கும்படி ஒவ்வொரு யந்திரத்திலும் ஓர் ஒட்டு வேலை செய்துதான் வலையை மீட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை எரிக் ரோசன் என்ற பொறியாளர் 1981-இல் எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். அவர் வேலை பார்த்த பி.பி.என். நிறுவனம்தான் அந்த ரூட்டர்களைச் செய்தது. தம் வீட்டுச் சமாசாரத்தைத் தாமே எழுதினார் என்று சொல்ல வேண்டும். நினைவகம் பழுதானது என்ற ஒரே வரியில் அவர் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கம்பியில் போகும்போது கடிதம் கெட்டால் கண்டுபிடிக்க வழி வைத்திருந்தார்கள். நினைவகத்தில் இருக்கும்போது கெட்டால் கண்டுபிடிக்க வழி வைக்கவில்லை என்பதையும், மூன்று எண்களின் வட்டத்தையும் தெளிவாக எழுதினார். குற்றம் அன்று நடந்ததல்ல. வடிவமைத்த நாளிலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்படித் திறந்து எழுதியதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1983-இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார், இத்தகைய கெட்ட கடிதங்கள் தாமாகவே ஒழிந்துபோகும்படி ஒரு முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலான வலைகளில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆயுள் உண்டு. ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் அது ஒரு மணி நேரம். எழுதியவர் அரை மணிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வரிசை எண் வட்டமாகச் சுற்றுவதில்லை, நேர்கோட்டில் ஏறும். தூங்கி எழுந்த ரூட்டருக்குத் தன் பழைய எண் மறந்துபோயிருக்கும். அது ஆரம்ப எண்ணிலிருந்து எழுதத் தொடங்கும். அண்டை வீட்டார், 'இதோ பார், நீ முன்பு எழுதிய கடிதம், எண் இவ்வளவு' என்று காட்டுவார்கள். உடனே அது தன் பழைய எண்ணைவிட ஒன்று கூட்டிப் புதிய கடிதம் எழுதும். நம்மைப் பற்றி நாமே மறந்ததை அண்டை வீட்டார் ஞாபகம் வைத்திருப்பது மனிதர்களுக்கு மட்டும் நேரும் அவஸ்தை அல்ல.

இரண்டாவது சம்பவம் 1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி. ஏ.டி. அண்டு டி. என்ற பெரிய டெலிபோன் கம்பெனியின் நெடுந்தூர வலையில் 114 இணைப்பு நிலையங்கள் இருந்தன. பிற்பகல் இரண்டரை மணி சுமாருக்கு நியூயார்க்கில் இருந்த நிலையம் ஒன்று சிறு கோளாறு கண்டு, தன்னைத்தானே திருத்திக்கொள்ளச் சில விநாடிகள் ஒதுங்கியது. பிறகு நல்லபடியாகத் திரும்பி வந்து, அண்டை நிலையங்களுக்கு அழைப்புகளை அனுப்பியது. முதல் செய்தியைக் கண்ட அண்டை நிலையம், 'நியூயார்க் எழுந்துவிட்டது' என்று தன் ஏட்டில் குறிக்கத் தொடங்கியது. குறித்து முடிப்பதற்குள், விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், இரண்டாவது செய்தி வந்தால் போதும். அதன் ஏடு குழம்பிவிடும். குழம்பியது. அது ஒதுங்கித் தன்னைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தது. வந்ததும் தன் அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. அவை குழம்பின. இப்படி 114 நிலையங்களிலும் எழுவதும் விழுவதுமாக ஒன்பது மணி நேரம் கழிந்தது. நெடுந்தூர அழைப்புகளில் ஏறக்குறைய பாதி கிடைக்கவில்லை.

யாரோ கெடுமதிக்காரர்களின் வேலை என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். காரணம் ஒரு சொல். 1989 டிசம்பரில் எல்லா நிலையங்களிலும் ஏற்றிய புதிய மென்பொருளில், 'இத்தோடு நிறுத்து' என்ற பொருள்படும் கட்டளை ஒன்று தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் போல அது வாயைத் திறக்கவே இல்லை. அதற்கு வேண்டிய வேளை வரவில்லை, அவ்வளவுதான். செய்திகளின் நெருக்கத்தைக் குறைத்த பிறகு, இரவு பதினொன்றரை மணி சுமாருக்கு வலை நிதானத்துக்கு வந்தது.

இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே மருமகன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தேடிய வரிசை எனக்குப் பிடித்திருந்தது. நல்ல வைத்தியர் நாடி பார்ப்பது போல இருந்தது. முதலில், கம்பி உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது. வணக்கம் இரண்டு பக்கமும் கேட்கிறதா? கேட்கிறது. இரு பக்கமும் ஒரே அளவுக் கடிதத்தை ஏற்கின்றனவா? ஒரு பக்கம் பெரிய உறை, மறு பக்கம் சிறிய துவாரம் என்றால், சின்ன வணக்கங்கள் நுழையும். பெரிய கடிதங்கள் மாட்டிக்கொள்ளும். அதுவும் சரியாக இருந்தது. கடிகாரம்? சில யந்திரங்கள் எழும்போது தேதியைத் தொலைத்துவிட்டுப் பழைய ஆண்டு ஒன்றில் கண் விழிக்கும். ரகசியச் சொல்லுக்குத் தவணை வைத்திருந்தால், அந்தப் பழைய தேதியில் அது செல்லாது. அண்டை வீட்டார் கதவைத் திறக்க மாட்டார்கள். கடிகாரமும் சரி. சாலைத் தேசப்படம்? அதுவும் முழுமையாக வந்துவிட்டது.

"சாலை தெரிகிறது, லேபிள் மட்டும் இல்லை. மகா மோசமான நிலைமை இதுதான், மாமா" என்றான்.

"ஏன்? பாதியாவது வந்திருக்கிறதே!"

"முழுவதும் வராமல் இருந்தால் எல்லோரும் வேறு வழியாகப் போய்விடுவார்கள். சாலை திறந்திருக்கிறது என்று பறை அறைந்துவிட்டது. நம்பி வருகிற செய்திகளெல்லாம் இங்கே வந்து காணாமல் போகின்றன."

இந்தக் குழி எப்படி ஏற்பட்டது என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1990-களின் நடுவில், முழு விலாசத்தையும் ஒவ்வொரு நாற்சந்தியிலும் படித்துப் பார்ப்பது தாமதம் என்று கருதி, சிறிய எண்ணை ஒட்டி அனுப்பும் யோசனையைச் சில கம்பெனிகள் தனித்தனியே கொண்டுவந்தன. அதைப் பொதுவிதியாக்க 1997-இல் ஒரு குழு கூடியது. எம்.பி.எல்.எஸ். என்று பெயரிட்டார்கள். அதன் அடிப்படை ஆவணம் 2001 ஜனவரியில் வெளியாயிற்று. எழுதிய மூவரில் முதல் பெயர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? எரிக் ரோசன். 1980-இன் வீழ்ச்சியைக் கணக்கெழுதியவரேதான். பின்னாளில் விலாசம் படிப்பதும் வேகமாகிவிட்டது. ஆனாலும் லேபிள் போகவில்லை. ஒரே கம்பியில் பாங்கியின் செய்தியும் ஆஸ்பத்திரியின் செய்தியும் ஒன்றோடொன்று கலவாமல் தனி வழி போவதற்கு அது உதவிற்று.

ஆனால் சாலைக்கு ஓர் ஏற்பாடு, லேபிளுக்கு வேறோர் ஏற்பாடு என்று இரண்டாகப் போயிற்று. எழுந்த ரூட்டர் சில விநாடிகளில் சாலையை அறிவித்துவிடும். லேபிள் பேச்சு முடியச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் வந்தவை அம்போ. இதற்கு 2009-இல் ஒரு பரிகாரம் ஆவணமாயிற்று. லேபிள் உறவு கூடிவரும்வரை, 'இந்தப் பக்கம் மிகத் தூரம்' என்று ரூட்டர் சொல்லிக்கொள்ள வேண்டும். பொய்தான்; ஆனால் புண்ணியமான பொய். தயாராகாதவன், தயார் என்று சொல்லாமல் இருப்பதற்கு இது ஒரு மரியாதையான வழி. மருமகனின் ஸ்தாபனத்தில் சில இடங்களில் அதைச் செய்திருந்தார்கள். இந்த இடத்தில் செய்யவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த என் தங்கை கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நின்ற யந்திரத்தை ஓட்டுவது பெரிய காரியமில்லை, மச்சான். ஓடுகிற கூட்டத்தில் அதைச் சேர்ப்பதுதான் காரியம்" என்றார்.

அவருக்கு நெய்வேலி ஞாபகம் வந்துவிட்டது. 1957 மே 20-ஆம் தேதி நேரு தொடங்கிவைத்த சுரங்கம். 1962-இல் முதல் யந்திரம் ஓடத் தொடங்கிய அனல் நிலையம். அவர் வேலையில் சேர்ந்தது பிற்காலத்தில். ஆனால் நியதி ஒன்றுதான் என்றார். பழுது பார்த்து எழுப்பிய மின் யந்திரத்தை நினைத்தவுடன் தேசத்தின் கம்பியில் சேர்த்துவிட முடியாது. கம்பியில் விநாடிக்கு 50 சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. யந்திரமும் அதே வேகத்துக்கு வர வேண்டும். மின்னழுத்தம் ஒக்க வேண்டும். அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒரே கணத்தில் விழ வேண்டும். இதைக் காட்ட ஒரு முள் உண்டு. அது மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டு மணி நிலைக்கு வரும் தறுவாயில் இணைப்பான். அவசரப்பட்டுத் தப்பான கணத்தில் இணைத்தால், தண்டே முறுக்கிக்கொள்ளலாம்.

"அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாரும் பக்கத்தில் பேசக்கூடாது" என்றார். சொல்லிவிட்டுத் தாமும் பேசாமல் இருந்துவிட்டார். மகனைத் தொந்தரவு செய்யாதே என்று எனக்குச் சொன்ன குறிப்பு அது.

மணி இரண்டரை. மருமகனின் மேலதிகாரி போனில் வந்தார். குரல் எனக்கும் கேட்டது. "யார் அணைத்தது? அந்தப் பையன் பெயரை எழுதி அனுப்பு" என்பதுதான் சாராம்சம். ராத்திரி டியூட்டிப் பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதந்தானாம். அவன் மௌனமாக இருந்தான். அந்த மௌனம்கூடக் கேட்டது.

மருமகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சார்" என்று போனை வைத்தான். திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காண்பித்தான்.

"பெயர் மாறியிருக்கிறது, மாமா."

ஒவ்வொரு ரூட்டருக்கும் ஒரு பெயர் உண்டு. நாம் எழுதி வைக்காவிட்டால், எழும்போது தன்னிடமுள்ள உள்விலாசங்களில் எண்ணில் பெரியது எதுவோ அதையே பெயராகச் சூட்டிக்கொள்ளும் வகை அது. விழித்திருக்கும் வரையில் பெயரை மாற்றாது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு சோதனைக்காக யாரோ அதில் இன்னொரு உள்விலாசத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பழையதைவிட எண்ணில் பெரியது. ரூட்டர் ஆறு மாதம் பழைய பெயரோடு ஒழுங்காக உழைத்தது. இன்று தூங்கி எழுந்தது. புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டது. வணக்கத்தில், 'லேபிள் பேச வேண்டுமானால் இந்தப் புது விலாசத்துக்கு வாருங்கள்' என்று சொன்னது. அந்த விலாசமோ சோதனைக்கென்று வைத்தது. தேசப்படத்தில் அதற்குச் சாலையே கிடையாது. அண்டை வீட்டார் வாசலில் நின்று வணக்கத்தைக் கேட்டார்கள். வீட்டுக்குப் போக வழி தெரியாமல் நின்றார்கள்.

"யார் சேர்த்தது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்தான்" என்றான்.

பெயரை இனி மாறாதபடி கையாலேயே எழுதி வைத்தான். எழுதியதை நிலையான நினைவகத்திலும் பதித்தான். பதிக்காமல் விட்டால் அடுத்த தூக்கத்தில் அதுவும் மறந்துபோகும். ஒரு நிமிஷத்துக்குள் லேபிள்கள் வந்துவிட்டன. ராத்திரிப் பையன், "வந்துவிட்டது, அண்ணா!" என்று கத்தியது திண்ணை வரைக்கும் கேட்டது. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

அதற்குப் பிறகு அவன் படுக்கப் போகவில்லை. ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். இந்த இடத்தில் இரண்டு விதமாக எழுதலாம் என்பது எனக்குத் தெரியும். எழுத்துத் தொழில்காரன் அல்லவா? 'யந்திரத்தை மறுபடி இயக்கியபோது கோளாறு ஏற்பட்டது' என்றும் எழுதலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. இயக்கியவன் யார் என்று மேலதிகாரி விசாரித்துக்கொள்வார். மூன்று மாதப் பையன் பதில் சொல்லுவான். மருமகனுக்கு அந்த மாதம் உத்தியோக உயர்வு பேச்சில் இருந்ததென்று என் தங்கை மாலையில்தான் சொல்லியிருந்தாள்.

அவன் எழுதிய முதல் வாக்கியத்தை நான் படித்தேன். 'ஆறு மாதத்துக்கு முன் நான் செய்த ஒரு மாற்றம் இன்று யந்திரம் எழுந்தபோது வெளிப்பட்டது.' இரண்டாவது வாக்கியம், ராத்திரி டியூட்டியில் இருந்தவர் சொன்னபடி சரியாகவே செய்தார் என்பது. மூன்றாவதிலிருந்து, இதே வகை ரூட்டர்கள் இன்னும் எங்கெங்கே பெயர் எழுதப்படாமல் இருக்கின்றன என்ற பட்டியல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. 1981-இல் ஒருவர் தம் வீட்டுக் கோளாற்றை ஒளிக்காமல் எழுதியதால்தான் இரண்டு வருஷத்தில் ஒரு பெண்மணி அதற்கு மருந்து கண்டாள் என்று அவனே சற்று முன்னால்தான் எனக்குச் சொல்லியிருந்தான். சொன்னதை அவன் நம்பினான் போலும்.

விடியும் சமயத்தில் நடந்து ரயில் நிலையம் வரை போனோம். மீட்டர்கேஜ் போய்விட்டது. 2006-இன் இறுதியில் பாதையை மூடி, 2010-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். வண்டி ஒன்று வந்தது. டிரைவர் சாயவும் இல்லை. யாரும் வளையத்தை நீட்டவும் இல்லை.

ரயில்வேயின் பழைய ஏற்பாடு ஒன்றை அப்போது அவனுக்குச் சொன்னேன். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கும் இடையே கம்பி, டெலிபோன் எல்லாம் அற்றுப்போனால் என்ன செய்வார்கள்? வண்டியை அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் எஞ்சினையோ டிராலியையோ மட்டும் ஓர் ஆளோடு அனுப்புவார்கள். எதிரே பாதை நன்றாகத் தெரிந்தால் மணிக்கு 15 கிலோமீட்டர், தெரியாவிட்டால் 10. எதிரிலிருந்தும் அப்படியே ஒருவர் வரலாம் அல்லவா? அதனால் ஊதிக்கொண்டே போக வேண்டும். அடுத்த நிலையத்தை அடைந்து, நேரில் பேசி, இனி வண்டி விடலாம் என்று எழுத்து வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் ஜனங்கள் ஏறிய வண்டி புறப்படும்.

"நடந்து போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள்" என்றான் மருமகன்.

"ஆமாம்."

"நல்ல விதி" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் தகப்பனார் சட்டை மாட்டிக்கொண்டு, பாஸ் புத்தகத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். பணத்தை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாங்கியில் எப்படி?" என்று கேட்டேன்.

"கூட்டம்தான் அதிகம். வேறொன்றும் விசேஷமில்லை" என்றார்.

உள்ளே மருமகன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.